வாய்க்காலில் கழிவுநீர் விடுகிறார்களா? தமிழ்நாட்டில் புகார் கொடுப்பது எப்படி

எங்கள் ஊர் வாய்க்காலில் ஒருநாள் விடியற்காலை தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் ஓடியது. துணி துவைக்கும் கல்லில் ஒரு விரல் உயரத்துக்குச் சாயக்கோடு படிந்திருந்தது. பக்கத்து வயல்காரர் தண்ணீரில் கை வைத்துவிட்டு, "சுடுதுங்க" என்றார். எட்டு மணிக்குள் நிறம் போய்விட்டது. அன்று ஆரம்பித்து ஒன்பது மாதம் மனுவும் கையுமாக அலைந்தோம். அதில் முதல் நான்கு மாதம் முழுக்க வீண். அலுவலகம் தவறு, படங்களில் தேதி இல்லை, கொடுத்த மனுக்களுக்கு ரசீது இல்லை. அந்த நான்கு மாதம் உங்களுக்கும் போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

தாமதமாகப் புரிந்துகொண்ட ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்த்ததை வைத்து அதிகாரி ஆலையை மூட முடியாது. அவர் நேரில் வந்து, முறைப்படி மாதிரி எடுத்தால்தான் வழக்கு நிற்கும். அவரைச் சரியான இடத்துக்கு, கழிவு ஓடுகிற நேரத்தில் வரவைக்கத்தான் கீழே உள்ள அத்தனையும்.

1. எந்த அலுவலகம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஆலைக் கழிவுநீர், புகை, நாற்றம், ரசாயனக் கசடு எல்லாம் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பு. தலைமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. ஆனால் உங்கள் புகார் முதலில் போக வேண்டியது மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு. சில மாவட்டங்களில் இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட அலுவலகங்கள் உண்டு. தாலுகா பெயரைச் சொல்லி, உங்கள் பகுதி யார் எல்லையில் வருகிறது என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றவை வேறு இடங்களுக்குப் போகும். குப்பையை எரிப்பது, கழிவுநீர் லாரி ஓடையில் கொட்டுவது என்றால் உள்ளாட்சி அலுவலகம். மணல், கிராவல் அள்ளினால் கனிமவளத் துறையும் தாசில்தாரும். ஏரி, குளம் ஆக்கிரமிப்புக்கு நீர்வளத் துறையும் வருவாய்த் துறையும். காப்புக்காட்டுக்குள் என்றால் வனச்சரக அலுவலர். கடற்கரைக் கட்டுமானத்துக்கு ஆட்சியர் தலைமையில் இயங்கும் மாவட்டக் கடலோர மண்டலக் குழு. இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி அலறினால் காவல் நிலையம்.

நாங்கள் செய்த தவறு, சாயத்தண்ணீர், குவாரித் தூசி, குப்பை மேடு மூன்றையும் ஒரே மனுவில் எழுதியது. அது மூன்று துறைக்கும் சுற்றி, "எங்கள் துறை சார்ந்ததல்ல" என்ற ஒரே பதிலோடு திரும்பி வந்தது. ஒரு பிரச்சினைக்கு ஒரு மனு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீன்கள் கூட்டமாகச் செத்து மிதக்கின்றன, வாயுக் கசிவு, மாடு தண்ணீர் குடித்ததும் விழுந்துவிட்டது என்றால் மனு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். 112-ஐயும் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077-ஐயும் உடனே கூப்பிடுங்கள். அந்த மாதிரிச் சம்பவங்களில் சில மணி நேரத்திலேயே தடயம் ஓடிப்போய்விடும்.

2. இரண்டு வாரம் நோட்டுப் போடுங்கள்

ஒரு சாதாரண நோட்டு போதும். தேதி, ஆரம்பித்த நேரம், நின்ற நேரம், இடம், நிறம், வாசனை, நுரை, மழை பெய்ததா, அன்று யார் பார்த்தார்கள் என்று ஒரு வரி. காற்றில் வரும் நாற்றம் என்றால் காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது என்பதையும் சேருங்கள். பார்க்காத நாளில் "பார்க்கவில்லை" என்றே எழுதுங்கள். இடையில் விட்டுவிட்டுப் பிறகு ஊகத்தில் நிரப்பினால் மொத்த நோட்டுக்கும் மதிப்பு போய்விடும்.

எங்கள் நோட்டில் பன்னிரண்டாம் நாள் ஒரு விஷயம் பிடிபட்டது. கழிவு வந்தது பெரும்பாலும் புதன், சனி இரவுகளிலும் மழை இரவுகளிலும்தான். அதுவரை நாங்கள் பகல் பதினோரு மணிக்கு வாரியத்துக்குப் போன் செய்துகொண்டிருந்தோம். அவர்கள் மதியம் வந்து பார்த்தால் தெளிந்த தண்ணீர் ஓடும். "புகாரில் உண்மை இல்லை" என்று எழுதிவிட்டுப் போவார்கள். அவர்கள் மேல் கோபப்பட்டோம். ஆனால் எந்த நேரத்தில் வர வேண்டும் என்று நாங்கள் ஒருமுறைகூட எழுத்தில் சொல்லவில்லை.

இந்தத் தேதிகள் இன்னொரு இடத்திலும் உதவும். விதிமீறிய ஆலைக்குச் சுற்றுச்சூழல் இழப்பீடு கணக்கிடும்போது, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சூத்திரத்தில் மீறல் நடந்த நாள்களின் எண்ணிக்கை ஒரு பெருக்கல் காரணி. நாள்கள் கூடக் கூடத் தொகையும் கூடும்.

3. படமும் வீடியோவும்

கழிவுநீர் வெளியே வரும் குழாய், அது கலக்கும் இடம், கலப்பதற்கு முன்னால் உள்ள தண்ணீர் மூன்றையும் எடுங்கள். முன்னால் உள்ளது தெளிவாகவும் பின்னால் உள்ளது நிறமாகவும் தெரிந்தால் அதைவிட வேறு விளக்கம் வேண்டாம். பாலம், மின்கம்ப எண், கோயில் கோபுரம் என்று அசையாத அடையாளம் ஒன்று படத்தில் இருக்கட்டும். செல்போனில் இருப்பிடத்தை ஆன் செய்துகொள்ளுங்கள். தேதியையும் அட்சரேகை, தீர்க்கரேகையையும் படத்திலேயே பதிக்கும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் படம் சுருங்கும், அதற்குள் பதிந்திருக்கும் நேரமும் இடமும் அழிந்துவிடும். எங்கள் முதல் இருபது படங்கள் இப்படித்தான் பயனில்லாமல் போயின. எடுத்த போனில் அசல் கோப்பை அழிக்காதீர்கள். பகிர வேண்டுமானால் "டாக்குமெண்ட்" ஆக அனுப்புங்கள். வழக்கு என்று வந்தால், மின்னணுச் சான்றுக்கு பாரதிய சாட்சிய அதினியம் 2023-ன் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் தர வேண்டும். அதற்கு எந்தப் போனில், யார் எடுத்தது என்ற விவரம் தேவைப்படும். அதையும் நோட்டில் எழுதிவையுங்கள்.

எக்காரணம் கொண்டும் ஆலை வளாகத்துக்குள் போகாதீர்கள், சுவர் ஏறாதீர்கள். அத்துமீறல் வழக்கு உங்கள் மேல் பாயும். அப்புறம் சாயத்தண்ணீரைப் பற்றிப் பேச யாரும் இருக்க மாட்டார்கள். பொதுச் சாலை, வாய்க்கால் கரை, உங்கள் சொந்த வயல் ஆகிய இடங்களில் நின்று எடுங்கள். இரவில் தனியாகப் போக வேண்டாம்.

4. பாட்டிலில் தண்ணீர் எடுப்பது

நீங்கள் எடுக்கும் மாதிரி சந்தேகத்தைப் பலப்படுத்தும், அவ்வளவுதான். 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, வாரிய அதிகாரி ஆலைத் தரப்புக்கு அறிவிப்புக் கொடுத்து, முத்திரையிட்டு எடுக்கும் மாதிரிதான் நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கப்படும். எனவே பரிசோதனைக்குப் பெரிய தொகை செலவழிப்பதற்கு முன் யோசியுங்கள். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறீர்கள் என்றால் மட்டும் உங்கள் பாதுகாப்புக்காகக் கட்டாயம் பரிசோதியுங்கள்.

எடுப்பதானால் கையுறை போட்டுக்கொண்டு, புது பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, காற்று இல்லாமல் விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். தேதி, நேரம், இடம், எடுத்தவர் பெயரை ஒட்டுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே, ஆய்வகங்களுக்குத் தேசிய அளவில் தரச்சான்று தரும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். என்னென்ன சோதனை, மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் போங்கள். அறிக்கை வந்ததும் பார்க்க மூன்று எண்கள்: நிலப்பரப்பு நீர்நிலையில் விடும் கழிவுநீருக்குப் பொது வரம்பாக பிஹெச் (அமில, காரத் தன்மை) 5.5 முதல் 9 வரை, பிஓடி (நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராம், சிஓடி (ரசாயன முறையில் கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 250 மில்லிகிராம்.

சாயப்பட்டறை, தோல் ஆலை போன்றவற்றில் இந்த எண்கள்கூடத் தேவைப்படாமல் போகலாம். பல ஆலைகளின் இசைவாணையில், அதாவது வாரியம் தரும் அனுமதி உத்தரவில், கழிவுநீரைத் துளிகூட வெளியேற்றக் கூடாது, முழுவதையும் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். அந்த நிபந்தனை இருந்தால், குழாயிலிருந்து கழிவுநீர் வெளியே வந்ததே மீறல். எவ்வளவு கெட்ட தண்ணீர் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. இது எங்களுக்கு ஆறாவது மாதம்தான் தெரிந்தது.

5. புல எண்ணைக் கண்டுபிடியுங்கள்

"பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி" என்று எழுதினால் யாராலும் வர முடியாது. தமிழ்நாடு அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் அ-பதிவேடு (எந்தப் புல எண், அதாவது சர்வே நம்பர், என்ன வகை நிலம் என்ற பதிவு) விவரத்தையும் புலப்படத்தையும் கட்டணமில்லாமல் பார்க்கலாம். கழிவு விழும் இடம் ஓடைப் புறம்போக்கா, வாய்க்கால் புறம்போக்கா, பட்டா நிலமா என்று அதில் தெரியும். புல எண், கிராமம், தாலுகா மூன்றும் மனுவில் இருந்தால் கிராம நிர்வாக அலுவலர் மறுநாளே இடத்தைக் காட்டிவிடுவார்.

6. மனு எழுதுவது

ஒரு பக்கம் போதும். எங்கள் முதல் மனு ஆறு பக்கம், அதில் பாதி எங்கள் வேதனை. வேதனை உண்மைதான், ஆனால் படிக்கிற பொறியாளருக்கு அதில் செய்ய ஒன்றும் இல்லை. பலன் கொடுத்த மனுவின் நடுப்பகுதி இப்படி இருந்தது:

"மேற்படி புல எண்ணில் உள்ள வாய்க்காலில், வடகரையில் இருக்கும் சிமெண்ட் குழாய் வழியாக நிறமுள்ள, வெதுவெதுப்பான, நுரையுள்ள நீர் கலப்பதை இணைப்பு 1-ல் கண்ட ஒன்பது தேதிகளில் நேரில் பார்த்தோம். பெரும்பாலும் புதன், சனி இரவு 11 மணி முதல் அதிகாலை 4 மணி வரை இது நடக்கிறது. அந்த நேரத்தில் ஆய்வு செய்து, 21-ஆம் பிரிவின்படி மாதிரி எடுத்து, எடுத்த நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறோம். ஆய்வின்போது இடத்தைக் காட்ட கீழே கையெழுத்திட்டவர்கள் வரத் தயாராக இருக்கிறோம்."

ஆலையின் பெயரைப் போடலாம். ஆனால் "திருட்டுத்தனமாக விடுகிறார்", "காசு கொடுத்துச் சரிக்கட்டுகிறார்" என்று எழுதாதீர்கள், அது அவதூறு நோட்டீசுக்கு வழி. பார்த்ததை மட்டும் எழுதி, "இந்த ஆலையிலிருந்து வருவதாகச் சந்தேகிக்கிறோம்" என்று முடியுங்கள். முகநூலில் போடும் பதிவுக்கும் இதே கவனம் தேவை.

பெயர் இல்லாத மனுக்கள் பெரும்பாலும் அப்படியே மூடப்பட்டுவிடும். பயம் நியாயமானதுதான், எங்களுக்கும் இருந்தது. அதனால் ஒருவர் பெயரில் போகாமல் பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டோம். அதைவிட வலுவானது கிராம சபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்தில் ஆறு நாள் கூடும். தீர்மானம் பதிவேட்டில் எழுதப்பட்டதா என்று அங்கேயே பார்த்து, நகல் கேட்டு வாங்கி மனுவோடு இணையுங்கள்.

இணைப்புகள்: தேதிப் பட்டியல், எண் போட்ட படங்கள், புலப்படத்தில் குறித்த இடம், தீர்மான நகல், ஆய்வக அறிக்கை இருந்தால் அதுவும். எல்லாம் நகல்களே, அசல் உங்களிடம் இருக்கட்டும்.

7. கொடுப்பதும் ரசீது வாங்குவதும்

மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் நேரில் கொடுங்கள். கையில் இரண்டு பிரதி. ஒன்றில் அலுவலக முத்திரை, தேதி, கையெழுத்து வாங்காமல் வெளியே வராதீர்கள். "வச்சுட்டுப் போங்க, பாத்துக்கறோம்" என்றால் அன்றே அதே மனுவை ஸ்பீட் போஸ்டில், சேர்ப்புச் சான்றோடு அனுப்பிவிடுங்கள். வாரியத்தின் இணையதளத்திலும் புகார் பதிவு செய்யலாம், பதிவு எண் கிடைக்கும்.

கூடவே, திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒரு நகல் கொடுங்கள். மனு எண் போட்ட சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். விவசாயம் பாதிக்கிறது என்றால் மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் எழுப்புங்கள். ஆட்சியர் முன்னிலையில் எல்லாத் துறையினரும் உட்கார்ந்திருப்பார்கள். முதல்வரின் முகவரி 1100 எண்ணிலும் பதியலாம். இவை எதற்கும் கட்டணம் இல்லை.

இவற்றில் ஒரு பொறி இருக்கிறது. எங்கே கொடுத்தாலும் மனு கடைசியில் அதே மாவட்டப் பொறியாளர் மேசைக்குத்தான் வரும். ஐந்து இடத்தில் ஐந்து விதமாக எழுதினால், லேசான ஒன்றுக்குப் பதில் எழுதி எல்லாவற்றையும் முடித்துவிடலாம். எல்லா இடத்திலும் வார்த்தை மாறாமல் ஒரே மனுவைக் கொடுத்து, முதல் மனுவின் எண்ணையும் தேதியையும் மேலே குறிப்பிடுங்கள்.

8. ஆய்வு நாளில்

அதிகாரிகள் வரும்போது கூட்டம் கூட்டிச் சத்தம் போடாதீர்கள். இரண்டு பேர் போதும், ஒருவர் கையில் நோட்டு. குழாய், கலக்கும் இடம், அதற்கு மேலே உள்ள தண்ணீர் மூன்று இடத்திலும் மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கிணற்றிலும் எடுக்கச் சொல்லுங்கள். எத்தனை பாட்டில், எத்தனை மணிக்கு, எங்கே எடுத்தார்கள் என்று நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை இரண்டே முக்காலுக்கு வந்தார்கள். டார்ச் வெளிச்சத்தில் குழாய் வாயிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. நாங்கள் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை.

9. தகவல் உரிமை மனுவைத் தள்ளிப்போடாதீர்கள்

புகார் கொடுத்த அன்றே இதையும் போடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம். நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். பதில் தர 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் சரியாகவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

கேட்க வேண்டியவை: நிபந்தனைகளோடு கூடிய இசைவாணை நகல், இரண்டு வருட ஆய்வு அறிக்கைகள், மாதிரிப் பகுப்பாய்வு அறிக்கைகள், ஆலைக்கு அனுப்பிய விளக்க நோட்டீஸ்களும் பதில்களும், உங்கள் புகார் மீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகள். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று தள்ளிவிடுவார்கள். ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கோப்பை நேரில் பார்வையிடவும் கேட்கலாம், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை.

பெரிய ஆலை, குவாரி, சுரங்கம் என்றால் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தைத் தேடுங்கள். அனுமதி பெற்றவர்கள் வருடத்தில் ஜூன் 1, டிசம்பர் 1 என இரண்டு முறை நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை கொடுக்க வேண்டும். அதில் எழுதியதையும் உங்கள் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

10. பசுமைத் தீர்ப்பாயம்: ஆறு மாதத்தை எண்ணிக்கொண்டே இருங்கள்

வாரியம் அசையாவிட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். தென் மண்டல அமர்வு சென்னை சேப்பாக்கம் கலச மகாலில் இருக்கிறது. தீர்ப்பாயச் சட்டம் 2010-ன் 14-ஆம் பிரிவில் மனு போட, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் அவகாசம். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை தரலாம், அதற்கு மேல் இல்லை. பயிர், கிணறு பாதிப்புக்கு இழப்பீடு கேட்கும் 15-ஆம் பிரிவு மனுவுக்கு ஐந்து வருடம்.

பலரும் விழுவது இந்தக் குழியில்தான். ஆட்சியர் அலுவலகத்தில் மனு மேல் மனு கொடுத்துக் காத்திருந்தே ஆறு மாதம் ஓடிவிடும். மனு கொடுத்ததால் கடிகாரம் நிற்காது. நோட்டின் முதல் பக்கத்தில் முதல் தேதியையும் அதிலிருந்து ஆறாவது மாதத்தையும் பெரிதாக எழுதுங்கள். நான்காம் மாதம் முடிவதற்குள் வழக்கறிஞரைப் பாருங்கள்.

இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1000 ரூபாய். இழப்பீடு கேட்டால் கேட்கும் தொகையில் ஒரு சதவீதம், குறைந்தது 1000. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம், இணையவழியில் தாக்கல் செய்யவும் வழி உண்டு. ஆனால் மனு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், தமிழ் ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். நேரத்தைத் தின்பது இந்த மொழிபெயர்ப்பு வேலைதான், முன்கூட்டியே ஆரம்பியுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் உள்ளிட்ட சில பிரிவினருக்கு வருமான வரம்பு இல்லாமலும், மற்றவர்களுக்கு வருமானத்தைப் பொறுத்தும், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞர் தரும். 15100-ல் கேட்கலாம்.

11. மூடச் சொல்லி உத்தரவு வந்த பிறகு

நீர்ச் சட்டத்தின் 33ஏ பிரிவில், ஆலையை மூடவும் மின் இணைப்பைத் துண்டிக்கவும் வாரியம் உத்தரவிடலாம். உத்தரவு நகலைக் கேட்டு வாங்குங்கள். மின் இணைப்பு உண்மையிலேயே துண்டிக்கப்பட்டதா, இரவில் ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். சில மாதத்தில் நிபந்தனைகளோடு மறுபடி திறக்க அனுமதி கிடைக்கலாம். எங்கள் ஊரிலும் கிடைத்தது. அந்த நிபந்தனைகளைத் தகவல் உரிமை மனுவில் வாங்கி, நோட்டின் அட்டைக்குள் ஒட்டிவைத்திருக்கிறோம். இப்போது வியாழன், ஞாயிறு காலைகளில் முறை வைத்து இருவர் போய்த் துவைகல்லைப் பார்க்கிறோம். கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தேதி போட்டு ஒரு வரி எழுதுகிறோம்.